ஊர் அனுப்பிய ஆள்

1885 பம்பாய் முதல் 2025 மதுரை வரை: தேசியக் கட்சி மாநாடுகளுக்குப் போன உள்ளூர்ப் பிரதிநிதிகளின் கதை

1887 டிசம்பர் கடைசி வாரம். சென்னை ஆயிரம் விளக்கு மக்கீஸ் தோட்டத்தில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாவது மகாசபை கூடியிருந்தது. வக்கீல்களும் ஜமீன்தார்களும் பத்திரிகை ஆசிரியர்களும் பந்தலை நிறைத்திருந்தார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அந்தச் சபையில் தஞ்சாவூரிலிருந்து வந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து தமிழில் பேசினார். அவர் பெயர் மூக்கணாசாரி. ஆசாரித் தொழில் செய்தவர்.

வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். தலைமை வகித்த பத்ருதீன் தயாப்ஜியை நாடு நினைவில் வைத்திருக்கிறது. வரவேற்புக் கமிட்டித் தலைவர் ராஜா சர் டி. மாதவராவுக்குத் திருவனந்தபுரத்தில் சிலை இருக்கிறது. ஆனால், ஒரு கட்சி தன்னை ‘தேசிய’க் கட்சி என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தலைவர்கள் மட்டும் பெற்றுத் தந்துவிடவில்லை. தஞ்சாவூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சம்பாரணிலிருந்தும் ரயிலேறிப் போய் “எங்கள் ஊரில் நிலைமை இது” என்று சொன்ன ஆட்களே அதைப் பெற்றுத் தந்தார்கள்.

அவர்களை யார் அனுப்பினார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், செலவை யார் ஏற்றார்கள், போன இடத்தில் அவர்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது? இந்த நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கட்சிகள் எப்போது மக்களோடு இருந்தன, எப்போது விலகின என்பது தானாகத் தெரிந்துவிடும்.

யாரும் தேர்ந்தெடுக்காத 72 பேர்

முதல் மகாசபை 1885 டிசம்பர் 28 அன்று பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் தொடங்கியது. புனாவில் நடக்க வேண்டியது. அங்கே காலரா பரவியதால் கடைசி நேரத்தில் இடம் மாறியது. வந்திருந்த பிரதிநிதிகள் 72 பேர். அவர்களில் ஏறத்தாழ இருபது பேர் சென்னை மாகாணத்தவர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை மகாஜன சபை தொடங்கப்பட்டிருந்தது. அங்கே சபையாகக் கூடிப் பேசிய பழக்கம் கைகொடுத்தது. மகாசபையின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ‘தி இந்து’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் வேண்டும் என்பது தீர்மானம்.

கோவையிலிருந்து போனவர் சேலம் பகடால நரசிம்மலு நாயுடு. பத்திரிகை நடத்தியவர், பயண நூல் எழுதியவர், சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே குரல் கொடுத்தவர்களில் ஒருவர். உள்ளூர்ப் பிரதிநிதி என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஊரின் குடிநீருக்காக மனுப் போடுகிற அதே ஆள், நாட்டின் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க ரயிலேறுகிறார். இரண்டும் ஒரே வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும், அந்த 72 பேரை எந்த ஊரும் வாக்களித்து அனுப்பவில்லை. அழைப்பு வந்தது, வசதியும் ஆர்வமும் உள்ளவர்கள் போனார்கள். அரசு உத்தியோகத்தில் இருந்த ரானடே, ஆர். ரகுநாத ராவ் போன்றவர்கள் பார்வையாளர்களாக மட்டுமே உட்கார முடிந்தது. “நீங்கள் யாருடைய பிரதிநிதி?” என்று ஆங்கிலேய அதிகாரிகள் கேலியாகக் கேட்டபோது, காங்கிரஸிடம் அப்போது வலுவான பதில் இல்லை.

அந்தக் கேலிதான் ஒரு நல்ல காரியம் செய்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கு நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சங்கங்களிலும் ஊர்ப் பொதுக்கூட்டங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு வர வேண்டும் என்ற வழக்கம் அப்போது வேர்விட்டது. கூட்டம் கூட்டி, பெயரை முன்மொழிந்து, கை தூக்கி, ‘இவர் எங்கள் ஆள்’ என்று எழுதிக் கொடுப்பது. இந்திய ஊர்களுக்கு அது புதிய அனுபவம். சட்டசபைக்கு வாக்குரிமை கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரு கட்சியின் மாநாட்டுக்கு ஆள் அனுப்பித்தான் நம் ஊர்கள் தேர்தல் பழகின.

ஓரணா கொடுத்தவரும் பங்காளி

1887 சென்னை மகாசபைக்கு வருவோம். பிரதிநிதிகள் 607 பேர். அவர்களில் பாதிக்கும் மேல் சென்னை மாகாணத்தவர்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் மாதக்கணக்கான உழைப்பு இருந்தது. மு. வீரராகவாச்சாரியார் காங்கிரஸைப் பற்றித் தமிழில் ஒரு வினாவிடைப் புத்தகம் எழுதினார். முப்பதாயிரம் பிரதிகள் மாகாணமெங்கும் பரவின. ‘மகாசபை எதற்கு? அதில் நமக்கு என்ன?’ என்பதைக் கேள்வியும் பதிலுமாக எளிய தமிழில் சொன்ன அந்தச் சின்னப் புத்தகம், ஆங்கிலம் தெரியாதவர்களிடம் அரசியலைக் கொண்டுபோனது. சர்க்காருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்து வசூல். சுமார் 8,000 பேர் ஓரணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்துச் சேர்ந்த தொகை 5,500 ரூபாய். ராஜாக்களும் ஜமீன்தார்களும் கொடுத்த பெருந்தொகைகள் தனி. ஆனால் அந்த 8,000 பேர்தான் முக்கியம். ஓரணா கொடுத்தவர், பந்தலுக்குள் போகாவிட்டாலும், அங்கே என்ன நடந்தது என்று கேட்கும் உரிமையை வாங்கிக்கொண்டார். போய்விட்டு வந்தவர் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த மகாசபையில்தான் தீர்மானங்களை முன்கூட்டி அலசி எடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் ‘விஷயாலோசனைக் கமிட்டி’ என்று காங்கிரஸ்காரர்கள் வாயில் நிலைத்தது அதுதான். அதுவரை தலைவர்கள் சிலர் கூடி முடிவு செய்ததை மற்றவர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இனி, வெளியூர்ப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பணிந்தார்கள்.

அடுத்த ஆண்டு அலகாபாத்தில் அதிகாரிகளின் எதிர்ப்பு வெளிப்படையாகவே இருந்தது. அப்படியும் 1,248 பேர் வந்தார்கள். 1889இல் பம்பாய்க்கு வந்தவர்கள், ஆண்டின் எண்ணையே போல, 1,889 பேர். அவர்களில் பண்டித ரமாபாய் உள்ளிட்ட பெண்களும் இருந்தார்கள். மறு ஆண்டு கல்கத்தாவில் டாக்டர் காதம்பினி கங்குலி மேடையில் பேசினார். இவ்வளவு கூட்டத்தை வைத்து விவாதம் நடத்த முடியாது என்று பிரதிநிதிகள் எண்ணிக்கைக்கு ஆயிரம் என வரம்பு வைக்க வேண்டிய நிலை அதற்குள் வந்துவிட்டது.

தட்டி மறைத்த சமையலறை

பிரதிநிதிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் கதைகளோடு, வெட்கப்பட வேண்டிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1901இல் கல்கத்தா மகாசபைக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பிரதிநிதிகள் தங்கியிருந்த ரிப்பன் கல்லூரியில் தான் கண்டதைத் தன் சுயசரிதையில் விவரமாக எழுதியிருக்கிறார்.

தமிழ்ப் பிரதிநிதிகள் சாப்பிடும்போது பிறர் கண் பட்டாலே தீட்டு. அதனால் கல்லூரி வளாகத்தில் அவர்களுக்கென்று பிரம்புத் தட்டி கட்டி மறைத்து ஒரு தனிச் சமையலறை. உள்ளே மூச்சு முட்டும் புகை. சமைப்பது, சாப்பிடுவது, கை கழுவுவது எல்லாம் அந்தக் கூண்டுக்குள்ளேதான். கழிப்பிடங்கள் மிகக் குறைவு. அசுத்தம் சொல்லி மாளாது. அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கிக்கொள்ள, காந்தி துடைப்பத்தை வாங்கித் தான் பயன்படுத்திய இடத்தைத் தானே சுத்தம் செய்தார். பிரதிநிதிகளுக்குள்ளேயே இவ்வளவு தீண்டாமை என்றால், இவர்களை அனுப்பிய ஊர்களில் எவ்வளவு இருக்கும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கு சரியானது. யார் பிரதிநிதியாக வர முடிந்தது என்பதற்கு அந்தத் தட்டியே சாட்சி. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தட்டி முழுக்க விழவில்லை. காங்கிரஸ் நிதியுதவி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் தமிழ்நாட்டையே உலுக்கியது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டபோது ஈ.வெ. ராமசாமி வெளியேறினார். திரு.வி.க. தலைமை வகித்த மாநாடு அது. பந்தியில் இடம் இல்லாதவருக்குச் சபையிலும் இடம் இல்லை என்ற நிலையை எதிர்த்து எழுந்த அரசியல், தமிழ்நாட்டின் அடுத்த நூறு ஆண்டுகளை எழுதியது. எல்லா ஊருக்கும் பிரதிநிதி இருந்தால் மட்டும் போதாது, ஊருக்குள் இருக்கும் எல்லாத் தெருவுக்கும் இருக்க வேண்டும் என்பதைக் காங்கிரஸ் மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டது.

சூரத்தில் பறந்த செருப்பு

1907 மகாசபை நாக்பூரில் நடக்க வேண்டியது. அங்கே திலகரின் ஆட்களுக்குச் செல்வாக்கு அதிகம் என்பதால் மிதவாதிகள் அதைச் சூரத்துக்கு மாற்றினார்கள். இதற்குள் ஒரு கணக்கு இருந்தது. ரயில் கட்டணமும் தங்கும் செலவும் சொந்தப் பொறுப்பு என்றால், மாநாடு நடக்கும் மாகாணத்துக்காரர்களே பந்தலை நிரப்புவார்கள். எந்த ஊரில் கூட்டம் என்பதைத் தீர்மானிப்பவரே எந்தத் தீர்மானம் ஜெயிக்கும் என்பதையும் பாதி தீர்மானித்துவிடுகிறார்.

அந்தக் கணக்கை எதிர்த்து வெகுதூரத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். தூத்துக்குடியிலிருந்து வ.உ. சிதம்பரம் பிள்ளை. சென்னையிலிருந்து சுப்பிரமணிய பாரதி. ராஷ் பிஹாரி கோஷைத் தலைவராக முன்மொழிந்த நேரத்தில் கூச்சல் எழுந்தது. மறுநாள் திலகர் மேடையேறிப் பேச முயன்றபோது ஒரு செருப்பு பறந்து வந்து சுரேந்திரநாத் பானர்ஜியையும் பெரோஸ்ஷா மேத்தாவையும் தாக்கியது. நாற்காலிகள் பறந்தன. போலீஸ் வந்து பந்தலைக் காலி செய்தது.

அதற்கு மிதவாதிகள் கண்ட மருந்து, கதவை இறுக்குவது. 1908 விதிகளின்படி, காங்கிரஸின் கொள்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டவர்களை, அங்கீகரிக்கப்பட்ட கமிட்டிகளும் சங்கங்களும் மட்டுமே அனுப்பலாம். ஊர்ப் பொதுக்கூட்டம் ஆள் அனுப்பும் பழைய வழி அடைபட்டது. விளைவு? அடுத்த சில ஆண்டுகள் மகாசபைகள் அமைதியாக நடந்தன, யாரும் கவனிக்கவும் இல்லை. சண்டை இல்லாத சபைக்காகக் கொடுத்த விலை, உயிர் இல்லாத சபை. 1915இல் விதி தளர்த்தப்பட்டது. திலகர் கோஷ்டி திரும்பி வந்தது. அந்தத் திறந்த கதவு வழியாக இன்னொருவரும் வந்தார்.

ஒரு விவசாயியின் பிடிவாதம்

1916 டிசம்பர், லக்னோ. பீகாரின் சம்பாரணிலிருந்து ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி பிரதிநிதியாக வந்திருந்தார். அந்த மாவட்டத்தில் ‘தீன்கதியா’ என்றொரு முறை. குடியானவர் தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்காக அவுரி போட்டே ஆக வேண்டும். மறுத்தால் அடி, வழக்கு, வரி. அந்தக் கொடுமையில் நேரடியாக அடிபட்டவர் சுக்லா.

அவர் காந்தியைத் தேடிப் போய், சம்பாரண் பற்றித் தீர்மானம் கொண்டுவரும்படி கேட்டார். நேரில் பார்க்காமல் பேச மாட்டேன் என்றார் காந்தி. பிரஜ்கிஷோர் பிரசாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், சுக்லா அதை ஆதரித்துப் பேசினார், அது நிறைவேறியது. வேறு யாராக இருந்தாலும் வந்த வேலை முடிந்தது என்று ஊர் திரும்பியிருப்பார். சுக்லா விடவில்லை. காந்தி கான்பூருக்குப் போனார், அங்கே போய் நின்றார். ஆமதாபாத் ஆசிரமத்துக்குப் போய் நின்றார். கல்கத்தாவுக்கு வரும்போது வாருங்கள் என்று காந்தி சொல்ல, காந்தி போய்ச் சேரும் முன்பே அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார் சுக்லா.

1917 ஏப்ரலில் இருவரும் பாட்னாவுக்கு ரயிலேறினார்கள். சுக்லாவுக்குத் தெரிந்த பெரிய வக்கீல் ராஜேந்திர பிரசாத். அவர் ஊரில் இல்லை. என்ன சாதியோ தெரியாது என்று அந்த வீட்டு வேலைக்காரர்கள் காந்தியைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட விடவில்லை. அங்கிருந்து தொடங்கிய பயணம் ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி கோர்ட்டில் போய் நின்றது. உத்தரவை மீறினேன், தண்டனையை ஏற்கிறேன் என்று காந்தி சொன்னது அங்கேதான். அரசு வழக்கை வாபஸ் வாங்கியது. விசாரணைக் கமிட்டி வந்தது. 1918இல் சம்பாரண் விவசாயச் சட்டம் தீன்கதியாவை ஒழித்தது.

இந்தியச் சுதந்திரப் போராட்டத்தின் திசை மாறிய இடம் சம்பாரண் என்பார்கள். அந்தத் திசைக்கு வழிகாட்டியவர் ஓர் ஊர்ப் பிரதிநிதி. தீர்மானத்தோடு தன் கடமை முடியவில்லை என்று நினைத்ததுதான் அவருடைய பெருமை. பிரதிநிதியின் வேலை மாநாட்டு மேடையில் முடிவதில்லை, தன் ஊரில் விஷயம் நடக்கும்வரை ஓயக் கூடாது என்பதற்கு சுக்லாவை விஞ்சிய முன்மாதிரி நம் வரலாற்றில் இல்லை.

நாலணாவும் ஐம்பதாயிரமும்

1920 டிசம்பர் நாக்பூர் மகாசபைக்கு வந்த பிரதிநிதிகள் 14,582 பேர். அவர்களில் 1,050 பேர் முஸ்லிம்கள், 169 பேர் பெண்கள். தலைமை வகித்தவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். ஒத்துழையாமைத் திட்டத்தை எதிர்க்கக் கல்கத்தாவிலிருந்து வந்த சி.ஆர். தாஸ், சுமார் 250 பேரைத் தன் சொந்தச் செலவில், 36,000 ரூபாய் போட்டு அழைத்து வந்திருந்தார். கடைசியில் காந்தியோடு உடன்பட்டு அந்தத் தீர்மானத்தைத் தாஸே முன்மொழிந்தார் என்பது வேறு கதை. ஆனால் பணம் இருப்பவர் ரயில் பெட்டி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து சபையின் முடிவை மாற்றலாம் என்ற ஓட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது.

அதே நாக்பூரில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஐம்பதாயிரம் மக்கள்தொகைக்கு ஒரு பிரதிநிதி. இனி மாநாடு எங்கே நடந்தாலும் திருநெல்வேலிக்கு உரிய எண்ணிக்கை திருநெல்வேலிக்குத்தான். நாலணாச் சந்தா கட்டிய எவரும் உறுப்பினர். கிராமக் கமிட்டி, தாலுகா கமிட்டி, மாவட்டக் கமிட்டி, அதற்கு மேல் மொழிவாரி மாகாணக் கமிட்டி. சர்க்காரின் மெட்ராஸ் மாகாணம் ஒன்றாகவே இருக்க, காங்கிரஸில் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் தனித்தனி ஆயின. தமிழிலேயே கமிட்டி நடத்தி, தமிழிலேயே ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். பிற்காலத்தில் மொழிவாரி மாநிலங்கள் பிறந்ததற்கு அடித்தளம் அங்கே போடப்பட்டது.

வக்கீல்களின் ஆண்டு விழாவாக இருந்த காங்கிரஸ், கிராமத்துக்குக் கிராமம் கிளையுள்ள கட்சியானது இந்த விதிகளால்தான். தலைவர்களின் வசீகரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நாலணா ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய தாலுகா காரியதரிசிகளைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும்.

தலைமையை எதிர்த்து விழுந்த வாக்குகள்

1934இல் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. பிரதிநிதிகள் எண்ணிக்கை 2,000 ஆகக் குறைந்தது. அதில் பெரும்பங்கு கிராமங்களுக்கு. பின்னாளில் அந்த எண்ணிக்கை உயர்ந்தது. 1936 டிசம்பரில் மகாசபை முதன்முறையாக ஒரு கிராமத்துக்கே போனது. மகாராஷ்டிரத்தின் பைஸ்பூர் அது.

பிரதிநிதி என்பவர் வெறும் பார்வையாளர் இல்லை என்பது 1939 ஜனவரி 29 அன்று நிரூபணமானது. காங்கிரஸ் தலைவர் தேர்தல். சுபாஷ் சந்திர போஸ் இரண்டாம் முறை நின்றார். காந்தியும் மூத்த தலைவர்களும் பட்டாபி சீதாராமையாவை ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் அந்தந்த மாகாணத்தில் வாக்களித்தார்கள். போஸுக்கு 1,580 வாக்குகள். சுமார் 200 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பட்டாபியின் தோல்வி தன்னுடைய தோல்வி என்று காந்தி அறிவித்தார். கட்சியின் உறுப்பினர் பதிவேடுகளில் போலிப் பெயர்கள் மலிந்துவிட்டன என்றும் அதே அறிக்கையில் கண்டித்தார்.

அடுத்து நடந்தது தெரிந்ததே. மார்ச்சில் திரிபுரி மகாசபையில், காந்தியின் விருப்பப்படியே செயற்குழுவை அமைக்கச் சொன்ன பந்த் தீர்மானம் போஸின் கையைக் கட்டியது. ஏப்ரலில் அவர் ராஜினாமா செய்தார். பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்த தலைவர் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஊர் அனுப்பிய ஆட்கள் ஒன்று முடிவு செய்து, மேலிடம் வேறொன்று முடிவு செய்தால் எது நிற்கும் என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில், பிற்காலத்தில் எல்லாக் கட்சிகளுக்கும் வழக்கமாகிப்போனது.

பெட்டிச் செய்தி: “எங்களை எங்கள் மக்கள் அனுப்பினார்கள்” என்ற வழக்கு

உண்மையான பிரதிநிதி யார் என்ற வழக்கு மிகக் கூர்மையாக எழுந்தது அமெரிக்காவில், 1964 ஆகஸ்டில். ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு அட்லாண்டிக் சிட்டி நகரில். மிசிசிப்பி மாநிலத்திலிருந்து இரண்டு பிரதிநிதிக் குழுக்கள் வந்து நின்றன. ஒன்று, வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட அதிகாரபூர்வக் குழு. மற்றது, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி அனுப்பிய 68 பேர்.

மிசிசிப்பியில் அப்போது வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற கறுப்பினத்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. கட்சிக் கூட்டங்களிலும் அவர்களுக்குக் கதவு அடைப்பு. எனவே அவர்கள் வட்டாரக் கூட்டம், மாவட்டக் கூட்டம், ஜாக்சனில் மாநிலக் கூட்டம் என்று ஒவ்வொரு படியாகத் தாங்களே நடத்தி, எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்து, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ரூல்வில் ஊரிலிருந்து வந்த பருத்திக் காட்டுக் குத்தகைக்காரர் ஃபேனி லூ ஹேமர், ஆகஸ்ட் 22 அன்று பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுவின் முன் உட்கார்ந்து பேசினார். வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டதையும் வினோனா சிறையில் தன்னை அடித்து நொறுக்கியதையும் சொன்னார். தொலைக்காட்சி அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தபோது, கேமராக்களைத் திருப்ப ஜனாதிபதி ஜான்சன் அவசரமாக ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தினார். அன்றிரவு தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தை மறுபடி ஒளிபரப்பின. நாடே பார்த்தது.

சமரசமாக இரண்டு இடங்கள் தருவதாகச் சொன்னார்கள். 68 பேரும் மறுத்துவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் இனப் பாகுபாட்டோடு அமைக்கப்படும் குழுவுக்கு இனி இடமில்லை என்று கட்சி விதி மாறியது. 1968 சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் இடங்களில் இரு இனத்தவரும் கலந்த குழு அமர்ந்தது. ஹேமர் அதில் ஒருவர்.

இன்றைய பட்டியல்கள்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2022 அக்டோபர் 17 அன்று காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வாக்கெடுப்போடு நடந்த தேர்தல். ஒவ்வொரு மாநிலத் தலைமையகத்திலும் பெட்டி வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் சென்னை சத்தியமூர்த்தி பவனில் வாக்களித்தார்கள். பதிவான வாக்குகள் 9,385. மல்லிகார்ஜுன கார்கே 7,897, சசி தரூர் 1,072, செல்லாதவை 416.

ஒரு பெரிய கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பால் தேர்ந்தெடுத்தது பாராட்ட வேண்டியது. பாரதிய ஜனதாவில் தேசியத் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பே வந்ததில்லை, எப்போதும் ஒருமனதாகத்தான். மாநிலக் கட்சிகளிலும் பொதுக்குழு கூடுகிறது, தலைவர் பெயர் வாசிக்கப்படுகிறது, கரகோஷம் எழுகிறது. ஆனால் காங்கிரஸ் தேர்தலிலும் ஒரு குறை பளிச்சென்று தெரிந்தது. வாக்களிக்கப் போகும் பிரதிநிதிகளின் முழு விவரமும் தொடர்பு எண்களும் தனக்குக் கிடைக்கவில்லை என்று தரூர் வெளிப்படையாகச் சொன்னார். போட்டியிடுகிறவருக்கே பட்டியல் கிடைக்காதென்றால், வட்டாரத்தில் சந்தா கட்டிய சாதாரண உறுப்பினருக்குத் தன் பிரதிநிதி யார் என்று எப்படித் தெரியும்?

மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் அடிமட்டத்திலிருந்து மேலேறும் முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளை மாநாடு, இடைக்கமிட்டி மாநாடு, மாவட்ட மாநாடு, மாநில மாநாடு, அதன் பிறகே அகில இந்திய மாநாடு. 2025 ஏப்ரலில் மதுரை தமுக்கத்தில் அதன் 24ஆவது அகில இந்திய மாநாடு நடந்தது. எம்.ஏ. பேபி பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியல் தீர்மானத்தின் நகலை இரண்டு மாதம் முன்பே வெளியிட்டு, கிளை உறுப்பினரும் திருத்தம் அனுப்பலாம் என்பது அந்தக் கட்சியின் விதி. மாநாட்டில் தகுதி ஆய்வுக் குழுவின் அறிக்கையும் வாசிக்கப்படும். வந்திருக்கும் பிரதிநிதிகளின் வயது, தொழில், சிறையிலிருந்த காலம் எல்லாம் அதில் வரும். வந்திருப்பவர்கள் யார் என்று சபை தன்னைத்தானே தெரிந்துகொள்ளும் அருமையான வழக்கம் அது. அங்கேயும் தலைமைக் குழுவின் பட்டியலை மீறி ஒருவர் வெல்வது அரிது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின் கீழ்க் கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்கின்றன, தங்கள் விதிகளைத் தாக்கல் செய்கின்றன. அந்த விதிகளின்படி உள்கட்சித் தேர்தல் நடந்ததா என்று கேட்டுக் கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உள்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எந்தக் கட்சியும் அந்தப் பரிந்துரையைச் சட்டமாக்க முன்வரவில்லை.

கேட்க வேண்டிய மூன்று

இந்த நீண்ட வரலாறு ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறது. ஊர் தேர்ந்தெடுத்த ஆள் மேலே போனபோதெல்லாம் கட்சி வளர்ந்தது. மேலிடம் தேர்ந்தெடுத்த ஆள் ஊரின் பெயரில் உட்கார்ந்தபோதெல்லாம் கட்சி மெலிந்தது. 1908இல் கதவை இறுக்கியதும் மகாசபை வாடியது. 1920இல் நாலணாக்காரருக்குத் திறந்ததும் நாடே திரண்டது. இது ஒரு கட்சியின் கதை மட்டும் இல்லை. தங்கள் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்களே டி.வி. பார்த்துத் தெரிந்துகொள்ளும் இன்றைய நிலைமை எல்லாக் கட்சிகளுக்கும் பொது.

இதைச் சரிசெய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்சி உறுப்பினர்கள் மூன்று விஷயங்களை இன்றே கேட்கலாம். முதலாவது, மாநாட்டுக்கும் பொதுக்குழுவுக்கும் போகிறவர்களின் பட்டியல் வட்டார வாரியாக வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, அந்தப் பெயர்கள் வட்டார உறுப்பினர்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பால் முடிவாக வேண்டும், மாவட்டச் செயலாளரின் பையிலிருந்து வரக் கூடாது. மூன்றாவது, போய்விட்டு வந்தவர் ஊரில் ஒரு கூட்டம் போட வேண்டும். எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினேன், எதற்குத் தூக்கவில்லை, நம் ஊர் விஷயத்தைச் சொன்னேனா, என்ன பதில் கிடைத்தது என்று கணக்குக் கொடுக்க வேண்டும்.

இவை மூன்றும் புதுக் கண்டுபிடிப்புகள் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ரயில் வசதி குறைந்த, எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்திலேயே நம் தாலுகா கமிட்டிகள் செய்து பார்த்தவை. கைப்பேசியும் இணையமும் உள்ள காலத்தில் செய்ய முடியாது என்று எந்தக் கட்சியும் சொல்ல முடியாது. உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து “நம் பிரதிநிதி யார், அவரை எப்போது தேர்ந்தெடுத்தோம்?” என்று கேட்கட்டும். பதில் இல்லையென்றால், பதில் கிடைக்கும்வரை கேட்கட்டும்.